நிலைகொண்டான் சுரைக்காய் தின்ற கதை

சின்னவர்கள் கொஞ்சம் வாயை மூடுங்கள், பெரியவர்கள் கொஞ்சம் காதைத் திறவுங்கள். இது ராஜாக்கள் ஊருக்கு ஊர் இருந்த காலத்தில் நடந்தது.

செந்நெல் நாடு என்று ஒரு நாடு. பேருக்கு ஏற்றபடி எங்கே பார்த்தாலும் வயல். அந்த நாட்டை ஆண்ட ராஜாவின் பெயர் நிலைகொண்டான். பெயர் வைத்த தாத்தா நல்ல மனிதர்தான். பேரன் எப்படி வளர்வான் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

நிலைகொண்டான் கெட்டவன் அல்ல. யாரையும் அடிக்க மாட்டான், யார் சொத்தையும் பிடுங்க மாட்டான். அவனிடம் ஒரே ஒரு கோளாறு. காலையில் ஒரு புத்தி, உச்சியில் ஒரு புத்தி, பொழுது சாயும்போது இன்னொரு புத்தி.

ஒருநாள் காலையில், தெருவில் எல்லாரும் இடப்பக்கமாகத்தான் நடக்க வேண்டும் என்றான். உச்சியில் வலப்பக்கம் என்றான். பொழுது சாயும்போது, இரண்டும் வேண்டாம், யாரும் நடக்கவே வேண்டாம் என்றான். அன்றைக்கு வயலுக்குப் போன பாதிப் பேர் தவழ்ந்து வீடு திரும்பினார்கள்.

இன்னொரு நாள் அரண்மனை யானையைப் படைத்தளபதி ஆக்கினான். யானை அவன் எதிரில் தும்மிவிட்டது, உடனே பதவியைப் பறித்தான். யானை முகம் வாடிவிட்டதாக அவனுக்குத் தோன்றியது, மனம் இளகி வரி வசூல் மந்திரி ஆக்கினான். யானை மந்திரியாக இருந்த காலத்தில்தான் வரி நியாயமாக வசூலானது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இந்தக் கட்டளைகளையெல்லாம் முரசடித்து ஊருக்குச் சொல்கிற வேலை கொற்றன் என்பவனுக்கு. பாவம், மற்ற நாட்டு முரசுக்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை முரசடித்துவிட்டுத் தூங்குவார்கள். கொற்றன் காலையில் அடித்ததை உச்சியில் மறுத்து, உச்சியில் அடித்ததை மாலையில் மறுத்து, தோள்பட்டை வீங்கி வீடு வருவான். அவன் மனைவி மருதி எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

"இன்றைக்கு என்ன சட்டம்?" என்று கேட்பாள்.

"இந்த நேரத்துச் சட்டமா, போன நேரத்துச் சட்டமா?" என்பான் கொற்றன்.

இருவரும் சிரிப்பார்கள். ஊரும் சிரித்தது. நோய்நொடி இல்லாமல், பானையில் சோறு இருக்கிறவரைக்கும் சிரிப்புக்கு என்ன குறை?

செந்நெல் நாட்டுக்கு இரண்டு பக்கத்து நாடுகள் உண்டு. மேற்கே மலைநாடு, அதை வேங்கையரசி ஆண்டாள். கிழக்கே கடல்நாடு, அதை நெடுங்கழியான் ஆண்டான். மலையில் நெல் விளையாது, கடற்கரையிலும் விளையாது. வயல்காட்டில் விறகும் கிடையாது, உப்பும் கிடையாது. ஆகவே மூன்று நாட்டுப் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்வது என்று கைபிடித்துக்கொண்டார்கள். மலையிலிருந்து விறகு இறங்கும், கடலிலிருந்து உப்பு ஏறும், வயலிலிருந்து அரிசி இரண்டு பக்கமும் போகும்.

இப்படி இருக்கும்போது ஒரு வருடம் மழை கொட்டித் தீர்த்தது. குளம் உடைந்தது, கிணற்றில் சாக்கடை கலந்தது. ஊரில் பேதி கண்டது.

சிரிக்காதீர்கள். முதலில் அந்த ஊரும் சிரித்தது. சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்து எதிர்வீட்டுக்காரன் சிரித்தான். அவன் சிரித்து முடிக்குமுன் அவனுக்கே சொம்பு தேவைப்பட்டது. பிறகு கிழவர்களும் குழந்தைகளும் சுருண்டு விழத் தொடங்கினார்கள். சிரிப்பு நின்றது.

அரண்மனை மருத்துவர் அல்லியங்கோதை சபைக்கு வந்தாள். ஊர் முழுக்க அவள் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

"அரசே, தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பேதி கண்டவருக்கு உப்புப் போட்ட கஞ்சியை விடாமல் புகட்ட வேண்டும். செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆனால் எல்லாரும் செய்ய வேண்டும், தினமும் செய்ய வேண்டும்" என்றாள்.

"அருமை! அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா.

கொற்றன் முரசடித்தான். வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது. மலையிலிருந்து விறகு வண்டி வந்தது, கடலிலிருந்து உப்பு வண்டி வந்தது. சில நாளிலேயே நோய் கொஞ்சம் அடங்கியது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்கு இந்தக் கதை சொல்லும் வேலையே இருந்திருக்காது.

ஒருநாள் ராஜா மேல்மாடத்தில் உலாவினான். ஊரெல்லாம் அடுப்பு எரிகிறதா, புகை மேலே வந்தது. ராஜாவின் கண்ணில் புகுந்தது.

"யார் என் கண்ணைக் கலங்க வைப்பது? இனி யாரும் தண்ணீர் காய்ச்சக் கூடாது!"

கொற்றன் முரசடித்தான். அடுப்புகள் அணைந்தன. நோய் கூடியது. அல்லியங்கோதை ஓடி வந்து மன்றாடினாள். ராஜா மனம் மாறினான்.

"சரி, காய்ச்சலாம். ஆனால் புகை வரக் கூடாது."

கொற்றன் முரசடித்தான். மக்கள் அடுப்பைப் பார்த்தார்கள், விறகைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி அடுப்பின்மேல் ஏறி உட்கார்ந்து முந்தானையால் புகையைப் பிடித்து மூட்டை கட்டப் பார்த்தாள். நோய் இன்னும் கூடியது.

மூன்றாவதாக ராஜாவுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய யோசனை ஒன்று வந்தது.

"எங்கே பார்த்தாலும் பேதி, பேதி என்று பேச்சு. பேசுவதால்தானே பரவுகிறது? அந்தச் சொல்லையே இனி யாரும் சொல்லக் கூடாது!"

கொற்றன் முரசடித்தான். எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று அவனால் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னால் குற்றம். "அந்த அவசரத்தின் பெயரைச் சொல்லக் கூடாது!" என்று கூவினான். மறுநாள் அல்லியங்கோதை சபையில் நின்று, "அரசே, வடக்குத் தெருவில் அந்த அவசரம் அதிகமாகிவிட்டது" என்றாள். "எந்த அவசரம்?" என்று கேட்டான் ராஜா. அவன் உண்மையாகவே மறந்துபோயிருந்தான்.

வீட்டுக்குள் இப்படி என்றால், வெளியே இதைவிட மோசம்.

நெடுங்கழியான் உப்பு வண்டிகளோடு ஒரு தூதரை அனுப்பியிருந்தான். தூதருக்குக் காதுவரை மீசை. நிலைகொண்டானுக்கோ எறும்பு வரிசை போல ஒரு மீசை. "என் சபைக்கு இந்த மீசையை அனுப்பியது வேண்டுமென்றே செய்த அவமானம்!" என்று உப்பு வண்டிகளைத் திருப்பி அனுப்பினான். மறுநாள் காலை மனம் நொந்து, "என் உயிர் நண்பருக்கு" என்று நெடுங்கழியானுக்கு ஒரு மயில் அனுப்பினான். மாலையில் மயிலைத் திருப்பிக் கேட்டான். நெடுங்கழியான் மயிலையும் கொடுத்தனுப்பி, பாதையையும் மூடிவிட்டான்.

மலையிலிருந்து வந்த விறகில் ஒரு கட்டை வளைந்திருந்தது. "வளைந்த கட்டையை அனுப்பி, என் ஆட்சி கோணல் என்று சொல்கிறாளா வேங்கையரசி?" என்று ராஜா படையை அனுப்பினான். பாதி மலை ஏறியபோது திரும்பி வரச் சொன்னான். இறங்கி முடித்தபோது மறுபடி ஏறச் சொன்னான். படைவீரர்கள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மலைக்காரிகளிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, எதற்காக வந்தோம் என்பதையே மறந்தார்கள். வேங்கையரசி மறக்கவில்லை. கணவாயில் பாறையை உருட்டி வழியை அடைத்தாள்.

உப்பு நின்றது, விறகு நின்றது, நோய் மட்டும் நிற்கவில்லை.

ஒரு காலைப்பொழுது. ராஜா எழுந்தான், ஒரு கட்டளை சொன்னான், சன்னலருகே வந்து முரசுச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். சத்தம் வரவில்லை. இன்னொரு கட்டளை சொன்னான். அதற்கும் சத்தம் இல்லை. கோபம் தலைக்கேற, தானே இறங்கி கொற்றன் வீட்டுக்கு நடந்தான்.

கொற்றன் முரசைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மருதியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். மருதி பாயில் வாடிய கீரைத்தண்டு போலக் கிடந்தாள். கண் குழி விழுந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு பானை நிறையத் தண்ணீர்.

"தண்ணீர் இருக்கிறதே, ஏன் குடிக்கவில்லை?" என்று கேட்டான் ராஜா.

மருதி மெதுவாகக் கண்ணைத் திறந்தாள்.

"எது இன்றைய சட்டம், அரசே? காய்ச்சாததைக் குடிக்கக் கூடாது என்று முரசடித்தது இவர்தான். காய்ச்சக் கூடாது என்று முரசடித்ததும் இவர்தான். எதைச் செய்தாலும் குற்றம். முரசுக்காரன் பெண்டாட்டியே சட்டத்தை மீறினால் ஊர் என்ன சொல்லும்? அதனால் சும்மா கிடக்கிறேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே யோசித்து, வழி தெரியாமல்தான் அப்படிக் கிடந்தாள். ராஜாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குக் கட்டளை எதுவும் வரவில்லை. பிறகு, "காய்ச்சு! உடனே காய்ச்சு!" என்றான்.

"விறகு இல்லை, அரசே."

"உப்புக் கஞ்சியாவது கொடு!"

"உப்பு இல்லை, அரசே."

"ஏன் இல்லை?"

கொற்றன் தலை குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ராஜா வீட்டைச் சுற்றிப் பார்த்தான். சோறு பொங்க விறகில்லாமல் கதவை ஏற்கெனவே எரித்துவிட்டார்கள், கட்டில் கால்களையும் எரித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது முரசு ஒன்றுதான். நல்ல பலாமரத்தில் செய்த முரசு.

"அரசே, அது அரசாங்க முரசு!" என்று கொற்றன் பதறினான்.

"தெரியும்" என்றான் ராஜா. தோலைக் கிழித்துவிட்டு, முரசைத் தரையில் அடித்து உடைத்தான். அடுப்பை ஊதத் தெரியாமல் ஊதி, முகமெல்லாம் கரி. அன்றைக்குப் புகை தாராளமாகக் கண்ணில் புகுந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊதினான்.

செய்தி கேட்டு அல்லியங்கோதை ஓடி வந்தாள். பக்கத்து வீட்டு ஊறுகாய்ச் சாடியின் அடியில் ஒட்டியிருந்த எலுமிச்சை ஊறுகாயைக் கழுவி, அந்த உப்பைக் கஞ்சியில் கலந்து மருதிக்குப் புகட்டினாள். மருதி ஒரு வாய் குடித்தாள், கண்ணைச் சுருக்கினாள். "கஞ்சி உறைக்கிறது" என்றாள். கொற்றன் ஓவென்று அழுதுவிட்டான். பொழுது சாயும்போது அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

ஒரு மருதி பிழைத்தாள். ஊரில் இன்னும் எத்தனை வீடு! உடைக்க அத்தனை முரசு ஏது? கழுவ அத்தனை ஊறுகாய் ஏது?

மறுநாளே ராஜா அல்லியங்கோதையைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனான். படை இல்லை, குடை இல்லை. அவன் வருகிற செய்தி கேட்டு வேங்கையரசி பாறைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவள் சொல்லியனுப்பி நெடுங்கழியானும் வந்திருந்தான். மீசைத் தூதரும் கூட இருந்தார்.

"நான் செய்தது தப்பு. என் மக்கள் சாகிறார்கள். விறகும் உப்பும் கொடுங்கள். இனி உங்களை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன்" என்றான் நிலைகொண்டான்.

வேங்கையரசி பெருமூச்சு விட்டாள். "நீங்கள் பொய்யராக இருந்தால் எங்களுக்குச் சுலபம். சொல்வதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு பிழைத்துக்கொள்வோம். நீங்கள் சொல்லும்போது உண்மையாகத்தான் சொல்கிறீர்கள். அடுத்த வேளைக்கு அது இருக்காது. உங்களை நம்பி என் வண்டிக்காரர்களை அனுப்பி, பாதி வழியில் உங்கள் படை அவர்களைப் பிடித்தால் நான் என்ன செய்வேன்?"

நெடுங்கழியான், "என்னிடம் மயில் விஷயம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னான். அவனுக்கு அது இன்னும் ஆறவில்லை.

"அப்படியானால் என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்றான் ராஜா.

வேங்கையரசி யோசித்தாள். "ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். சின்னதாக இருந்தாலும் சரி. பௌர்ணமி வரை அதில் நில்லுங்கள். அப்போது நம்புகிறோம்."

"பௌர்ணமி வரை என் நோயாளிகள் தாங்க மாட்டார்கள், தாயே" என்றாள் அல்லியங்கோதை.

"நோயாளிகளை வதைக்க எங்களுக்கும் ஆசையில்லை. இன்று அவர் சொல்லில் நின்றால் நாளை வண்டி வரும். நாளை நின்றால் மறுநாள் வரும். எந்த நாள் தவறுகிறாரோ, அந்த நாள் வண்டி திரும்பிப் போகும். விறகும் உப்பும் உங்கள் கையில்தான் வந்து சேரும், அவர் கையில் அல்ல. சம்மதமா?"

எல்லாரும் ராஜாவைப் பார்த்தார்கள். ராஜா சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்து வேலியில் ஒரு கொடி. கொடியில் ஒரு காய்.

"பௌர்ணமி வரை சுரைக்காயைத் தவிர வேறு எதுவும் தின்ன மாட்டேன்!" என்றான்.

சொன்ன மறு நொடியே, வெள்ளரிக்காய் என்று சொல்லியிருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

மீசைத் தூதர் காவலுக்கு அரண்மனையில் வந்து உட்கார்ந்தார். முதல் நாள் சுரைக்காய்க் கூட்டு. பாறையோரம் ஒற்றை வண்டி நுழையும் அளவுக்கு வேங்கையரசி வழிவிட்டாள், நெடுங்கழியானும் மூடிய பாதையைத் திறந்தான். வண்டிகள் வந்தன. அடுத்த நாள் சுரைக்காய்ப் பொரியல். வண்டிகள் வந்தன. அதற்கடுத்து சுரைக்காய்த் துவையல், சுரைக்காய்க் குழம்பு, சுரைக்காய்ப் பாயசம் கூட. பாயசத்தைச் சமையல்காரனே ருசி பார்க்க மறுத்துவிட்டான். வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. அடுப்புகள் எரிந்தன. அல்லியங்கோதை ஆட்களைத் திரட்டி வீடு வீடாக உப்புக் கஞ்சி ஊற்றினாள்.

ராஜாவின் மனசு சும்மா இருக்குமா? கத்திரிக்காய் வதங்கும் வாசம் வந்தது. சுரைக்காயை வாயில் போட்டு மூடிக்கொண்டான். தூதர் அவன் எதிரிலேயே உட்கார்ந்து, மீசையில் எண்ணெய் பளபளக்க, வஞ்சிர மீன் வறுவல் தின்றார். ராஜா இன்னொரு துண்டு சுரைக்காயைத் திணித்துக்கொண்டான். இதில் ஒரு நல்லது நடந்தது. கட்டளை ஏதாவது தொண்டை வரை வந்தாலும், வாயில் சுரைக்காய் இருந்ததால் வெளியே வர முடியவில்லை.

பௌர்ணமிக்கு இன்னும் சில நாள்தான். யாரோ ஒரு விசுவாசி அரண்மனைக்குப் பலாப்பழம் அனுப்பிவிட்டான். வெட்டி வைத்த பலாப்பழம்! தேன் சொட்டுகிறது. வாசம் அரண்மனையைத் தூக்குகிறது.

"ஒரே ஒரு சுளை" என்றது ராஜாவின் மனசு. "சுளையைத் தின்றால் உலகமா முழுகிவிடும்?" கை தானாக நீண்டது. சுளை மூக்குவரை வந்தது. உதட்டில் பட்டது.

தூதர் எழுந்து சன்னலுக்குப் போய், கீழே காத்திருந்த வண்டிக்காரர்களுக்குக் கையைக் காட்டினார். வண்டிக்காரர்கள் மாடுகளைத் திருப்பினார்கள்.

மாட்டின் கழுத்துமணிச் சத்தம் ராஜாவின் காதில் விழுந்தது. வந்துகொண்டிருந்த சத்தம் இல்லை, போகிற சத்தம்.

அவனுக்குச் சுளை மறந்துபோயிற்று. சமையலறைக்குள் பாய்ந்து, கையில் அகப்பட்ட முழுச் சுரைக்காயைத் தூக்கிக்கொண்டு, கிரீடம் ஒருபக்கம் விழ, செருப்பு ஒருபக்கம் விழ, தெருவில் ஓடினான்.

"தின்னவில்லை! தின்னவில்லை! இதோ பாருங்கள், இதைத்தான் தின்கிறேன்!"

வண்டிக்கு முன்னால் போய் நின்று, தோல் சீவாத பச்சைச் சுரைக்காயைக் கடித்தான். நறுக்கென்று சத்தம். விதையோடு மென்றான். கண்ணில் நீர் வழிந்தது. மறுபடி கடித்தான். ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மருதி மட்டும், "அரசே, மெதுவாக, விக்கிக்கொள்ளப் போகிறது!" என்று கத்தினாள்.

தூதர் மூச்சிரைக்க ஓடி வந்தார். ராஜாவின் உதட்டை முகர்ந்து பார்த்தார். பல்லைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். உள்ளே பச்சையாக இருந்தது, மஞ்சளாக ஒன்றும் இல்லை.

"பட்டது, ஆனால் தின்னவில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். மாடுகள் மறுபடி திரும்பின.

பௌர்ணமி வந்தது. ஊரில் நோய் ஓய்ந்தது. பிழைத்தவர்கள் எழுந்து நடந்தார்கள். செத்தவர்கள் எழவில்லை. அதற்குச் சுரைக்காயும் மருந்தில்லை, ராஜாவின் கண்ணீரும் மருந்தில்லை. அப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிலைகொண்டான் போய் நின்றான். சிலர் உள்ளே கூப்பிட்டார்கள். சிலர் கூப்பிடவில்லை. கூப்பிடாத வாசலிலும் அவன் நின்றுவிட்டுத்தான் வந்தான்.

அன்றிலிருந்து நோய் பற்றிய கட்டளை எதுவானாலும் அல்லியங்கோதை சொல்வதுதான், ராஜாவே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது என்று சட்டம் செய்தான். அந்தச் சட்டத்தையும் மாற்றத் தனக்கு உரிமை இல்லை என்று சபையில் எல்லார் முன்னிலையிலும் சொன்னான்.

வேங்கையரசியும் நெடுங்கழியானும் நண்பர்களாகத் திரும்பினார்களா என்று கேட்பீர்கள். திரும்பினார்கள், ஆனால் உடனே இல்லை. நெடுங்கழியானுக்கு மயில் விஷயம் ஆறவே பல வருடம் ஆயிற்று. கணவாயில் உருட்டிவிட்ட பாறையை ஒரேயடியாக எடுக்காமல், வருடத்துக்கு ஒரு முழம் நகர்த்தினாள் வேங்கையரசி. ஒவ்வொரு முழத்துக்கும் முன்னால் ஒரு வருடம் முழுக்கக் கவனித்துப் பார்த்தாள். பாறை முழுவதும் நகர்ந்து, வண்டியும் வண்டியும் எதிரெதிரே போகும் அளவுக்கு வழி திறந்தபோது, நிலைகொண்டானுக்குத் தலை நரைத்திருந்தது.

ஆள்கிறவர் வேளைக்கொரு பேச்சுப் பேசினால் நாட்டு மக்கள் உடல்நலத்தை இழப்பார்கள், நாடு தன் நண்பர்களை இழக்கும் என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.